ஃபியூஸ் கட்டை

மாதத்தில் ஒரு நாள் சேரப்பணஞ்சேரியில் காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்துவார்கள். பராமரிப்பு வேலை. சாயங்காலம் வரும் என்று சொல்வார்கள், விளக்கு வைக்கும் நேரமும் ஆகிவிடும். முந்தின நாளே போனில் செய்தி வந்துவிடுவதால் தெருவில் எல்லோரும் தொட்டியை நிரப்பி, சட்னிக்கு அரைத்து, போனைச் சார்ஜில் போட்டுவிடுவார்கள். மார்கழியில் வந்த ஷட்டவுனுக்கு மட்டும் தெருவில் பாதிப் பேர் எதையும் செய்யவில்லை. லீலாக்கா வீட்டு மாடியில் புதிதாகச் சோலார் மாட்டியிருந்தார்கள்.

நான் அந்த வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருப்பவள். பெயர் பூமாரி, ஊர் கயத்தாறு. ஒரகடத்தில் ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை. லீலாக்காவின் மகள் சத்யப்பிரியாவும் நானும் சாயங்காலத்தில் ஒரே டிப்ளமோ வகுப்புக்குப் போகிறோம். அன்றன்று பார்த்ததை எழுதி வைப்பது என் பழக்கம். இந்த ஒரு நாளை மட்டும் மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். அந்த வீட்டின் சோற்றைத் தின்றுகொண்டு அந்த வீட்டின் அவமானத்தை எழுதுவது சரியா என்று இப்போதும் எனக்குத் தெளிவில்லை.

லீலாக்கா பெண்கள் ஹாஸ்டலுக்கு இட்லி போடுகிறாள். கோழி கூவுவதற்கு முன்னால் அடுப்பு எரியும். கம்பெனி பஸ் வருவதற்குள் அவள் புருஷன் அண்ணாதுரை டிவிஎஸ்ஸில் இரண்டு பெரிய டப்பாக்களைக் கட்டிக்கொண்டு போவார். அவர் திரும்பியதும் அரிசியும் உளுந்தும் ஊறப்போடுவார்கள். வெயில் ஏறும் நேரத்தில் பின்கட்டுக் கொட்டகையில் இரண்டு பெரிய கிரைண்டர்களும் ஓட ஆரம்பித்தால் மதியம் கடந்துதான் நிற்கும். மார்கழிக் குளிரில் மாவு சீக்கிரம் பொங்காது. பொழுதோடு அரைத்து மூடிவைத்தால்தான் விடியலுக்குப் பதமாக இருக்கும். அந்த வாரம்தான் இரண்டாவது ஹாஸ்டல் ஒன்றும் சேர்ந்திருந்தது. அதன் வார்டன் அம்மா லீலாக்காவிடம் ஒன்று சொல்லியிருந்தாள்: "ஒரு நாளு கூட என் பசங்க வெறும் வயித்தோட ஷிப்டுக்குப் போவக் கூடாதும்மா. போச்சுன்னா நான் வேற ஆளப் பார்த்துக்குவேன்."

ஷட்டவுன் நாட்களில் லீலாக்கா ராத்திரியே ஊறப்போட்டு, கரண்ட் போவதற்குள் அரைத்துவிடுவாள். முடியாவிட்டால் ரகுவின் ஜெனரேட்டர் வரும். ரகு சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவன். கல்யாணம், சாவு, திருவிழா எல்லாவற்றுக்கும் குழாய் ரேடியோவும் டீசல் மிஷினும் கொடுப்பான். சோலார் மாட்டிய அன்று அண்ணாதுரை இன்வெர்ட்டர் பெட்டிக்குச் சந்தனம் வைத்துத் தேங்காய் உடைத்துவிட்டு, தெருவே பார்க்க ரகுவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "டேய் ரகு, இனிமே உன் மிஷினுக்கு ஒரு மாலையப் போட்டு மூலைல குந்த வை." எல்லோரும் சிரித்தார்கள். ரகுவும் சிரித்தான். கொடுத்த தேங்காய்ச் சில்லைத் தின்னாமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனான்.

சத்யப்பிரியா வேலை செய்வது சோலார் தகடு செய்யும் கம்பெனியில். அவள் நிற்பது கடைசிச் சோதனையில். செய்து முடித்த தகடு ஒவ்வொன்றும் இருட்டுப் பெட்டிக்குள் போகும். கண் சிமிட்டும் நேரத்துக்கு ஒரு பொய்ச் சூரியன் மின்னி அணையும். எவ்வளவு கரண்ட் வந்தது என்று திரையில் எண் விழும். அவள் அந்த எண்ணை ஸ்டிக்கரில் அடித்து முதுகில் ஒட்டுவாள். நாள் முழுக்க இதுதான். "சூரியனயே டெஸ்ட் பண்றா என் பொண்ணு" என்று அண்ணாதுரை டீக்கடையில் சொல்வார்.

வீட்டில் சோலார் மாட்ட வந்த பையன் வேலை முடிந்ததும் அவளிடம்தான் பேசினான். அவள் அப்போதுதான் ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்திருந்தாள். "ஆன்கிரிட்தான் மேடம், பேட்டரி கெடையாது. மத்தபடி உங்களுக்குத் தெரியாததா, நீங்களே அந்தக் கம்பெனியாச்சே" என்றான். அவள் தலையாட்டினாள். நானும் பக்கத்தில் நின்றேன். ஆன்கிரிட் என்றால் என்ன என்று எங்கள் வகுப்பில் அதுவரை நடத்தவில்லை. அவளுக்குத் தெரியும் என்று நான் நினைத்தேன். கேட்டால் சீருடைக்குக் கேவலம் என்று அவள் நினைத்தாள். இதை அவளே பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

ஷட்டவுனுக்கு முந்தின நாள் லீலாக்கா அரிசி மூட்டையைப் பிரித்துக்கொண்டே கேட்டாள்.

"இன்னாடி பிரியா, எதுக்கும் ராத்திரியே ஊறப்போட்டு அரைச்சிடலாமா? ரெண்டு ஹாஸ்டலு இப்ப."

"இன்னாத்துக்கும்மா? வெயிலு இருக்கற வரைக்கும் நம்ம வூட்ல கரண்டு கட்டே கெடையாது. நீ ஒரு நாளாச்சும் நிம்மதியா தூங்கு."

"நெசமாத்தான் சொல்றியா?"

"அத்த செய்யறவளே நான்தானேம்மா."

அதோடு விட்டிருக்கலாம். தண்ணீர் பிடிக்க வந்த எதிர்வீட்டு முனியம்மாளிடமும், "நாளைக்கு அவனவன் போனத் தூக்கினு எங்க வூட்டுக்கு வாங்க அத்தே" என்று சொல்லிவைத்தாள். முனியம்மாள் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவள். அவளிடம் சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி.

மறுநாள் எனக்கும் சத்யப்பிரியாவுக்கும் வார விடுமுறை. காலையில் லைன்மேன் ஜெபகுமார் வழக்கம்போல வந்தார். கம்பத்தில் ஏறும் நாட்களில் அவர் இங்கேதான் சாப்பிடுவார். வாசலில் நின்றபடியே ஆறு இட்லி தின்று, கையைக் கழுவிவிட்டு மாடியை அண்ணாந்து பார்த்தார்.

"இன்னா லீலாம்மா, இனிமே எங்க தயவே வாணாம் உங்களுக்கு."

"போண்ணே. மழ காலத்துல நீதானே வரணும்."

"தெருமுனைக் கம்பத்துல இன்சுலேட்டர் போயிடுச்சு. அத்த மாத்திட்டு, ஜம்பர் கம்பி ஒண்ணு போடணும். சாயங்காலம் ஆயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். இடுப்பு பெல்ட்டின் கொக்கி அவர் நடைக்குத் தக்கபடி சத்தம் போட்டுக்கொண்டே போனது.

ஒன்பதுக்குக் கரண்ட் போனது. வராந்தாச் சுவரில், மெயின் பெட்டிக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த இன்வெர்ட்டரின் பச்சை விளக்கும் கூடவே போனது.

வானத்தில் ஒரு மேகம் இல்லை. மாடியில் தகடுகள் கண் கூசுகிற மாதிரி மின்னின. பின்கட்டில் இரண்டு கிரைண்டரும் அசையாமல் நின்றன. அண்டாக்களில் அரிசி ஊறிக்கொண்டிருந்தது. வாசலில் முனியம்மாள் வந்துவிட்டாள். கையில் மிக்ஸி ஜார், அதில் தேங்காயும் பொட்டுக்கடலையும். அவளுக்குப் பின்னால் போனும் ஒயருமாக இன்னும் ஏழெட்டுப் பேர்.

"உள்ள வரலாமாடி, கரண்டு ஆபீசரம்மா?"

"வாங்கத்தே, உக்காருங்க. பொட்டி ஸ்டார்ட் ஆவ கொஞ்சம் டைம் எடுக்கும்" என்றாள் சத்யப்பிரியா. எல்லோரும் வராந்தாவில் பாய் போட்டு உட்கார்ந்து, சுவரில் இருந்த பிளக்குகளில் எல்லாம் போனைச் செருகிவிட்டுக் காத்திருந்தார்கள்.

பின்கட்டுக்கு வந்து அவள் சோலார் பையனுக்குப் போன் போட்டாள். நாங்கள் எல்லோரும் கேட்கவேண்டும் என்று லீலாக்காதான் சத்தமாக வைக்கச் சொன்னாள்.

"மேடம், அன்னைக்கே சொன்னேனே, ஆன்கிரிட்டுன்னு. லைன்ல கரண்டு இருந்தாத்தான் அது ஓடும். லைன் போச்சுன்னா தானா ஆஃப் ஆயிடும்."

"வெயிலு நல்லாத்தானே அடிக்குது?"

"வெயிலுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல மேடம். லைன்ல வர்ற தாளத்தப் புடிச்சிக்கினுதான் அந்தப் பொட்டி பாடும். அது மட்டுமில்ல, லைன் நின்னப்புறம் உங்க வூட்லேர்ந்து கரண்டு வெளிய போச்சுன்னு வையுங்க, கம்பத்துல ஏறி இருக்கறவன் செத்துப்பூடுவான். அதுக்காகவே அப்டி செஞ்சி வச்சிகீறாங்க. உங்களுக்குத் தெரியுமேன்னுதான் நான் விரிவா சொல்லல."

சத்யப்பிரியா போனை வைத்தாள். லீலாக்கா அண்டாவுக்குள் கையை விட்டு ஒரு அரிசியை எடுத்து நகத்தால் நசுக்கிப் பார்த்தாள். "நல்லா ஊறிடுச்சு" என்றாள். திட்டியிருந்தால் பரவாயில்லை.

"யம்மா..."

"ரெண்டு ஹாஸ்டலுடி. அத்தினி பொண்ணுங்க."

அண்ணாதுரை வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு கொட்டகை மூலைக்குப் போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டு ரகுவுக்குப் போன் செய்தார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"ரகு... நாந்தான். வூட்ல இருக்கியா? ... ஒரு உதவிடா. மிஷின எடுத்துக்கினு வா. முன்பக்கமா வாணாம், பின்னால சந்து வழியா வா."

ரகு வந்தான். குட்டி லோடு ஆட்டோவில் ஜெனரேட்டர், மேலே கோணிப்பை. ஒரு வார்த்தை குத்திக்காட்டுவான் என்று எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவன் கிரைண்டரைப் பார்த்தான். "நேரா ரெண்டு கிரைண்டருக்கும் ஒயரக் குடுத்துடலாம். வேல முடிஞ்சுது" என்றான்.

அது நடந்திருந்தால் எழுத ஒன்றும் இருந்திருக்காது.

அண்ணாதுரை வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். அங்கே யாரோ சிரித்தார்கள். "அப்டி வாணாண்டா. வூட்டு லைன்லயே குடு. முன்னாடி ஜனங்க குந்திக்கினு கீது. போனெல்லாம் சொருவி வச்சிக்கினு."

"அதுக்கு?"

"சோலாருதான் ஓடுதுன்னு இருக்கட்டும்."

ரகு அவரையே பார்த்தான். "மாமா, இது தடதடன்னு கத்துமே. குழந்த கூட கண்டுபுடிச்சிடும்."

"அதான் உங்கிட்ட செட்டு கீதே. மார்கழி மாசம், பாட்டு போட்டா யாரு கேப்பா?"

ரகுவுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. லீலாக்காகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஒரு நிமிஷம் எல்லாம் லேசாகிவிட்டது. சத்யப்பிரியா மட்டும் சிரிக்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ரகு ஆட்டோ பேட்டரியில் குழாய் ரேடியோவை மாட்டி அம்மன் பாட்டைப் போட்டான். பிறகு வீட்டு பிளக்குக்கு ஒயரை இழுத்தான். "மாமா, ஒண்ணு. மொதல்ல மெயின எறக்கணும். பீஸ் கட்டையையும் புடுங்கிடணும். இல்லாங்காட்டி நம்ம வூட்லேர்ந்து தெரு லைனுக்குப் பூடும். அது ஆவாம நான் ஹேண்டில் போட மாட்டேன்."

"பிரியா, நீ போயி மெயின எறக்கிட்டு வந்து சொல்லும்மா. நான் போனா இன்னா ஏதுன்னு கேப்பாளுங்க."

"சரிப்பா" என்று அவள் முன்பக்கம் போனாள். நான் அவள் பின்னால் போனேன்.

மெயின் பெட்டி வராந்தாவில், இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்கு நேர் கீழே முனியம்மாள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாட்டுச் சத்தத்தில் எல்லோரும் கத்திப் பேசினார்கள்.

"இன்னாடி, உங்க பொட்டிக்கு சாமி பாட்டு போட்டாத்தான் உசிரு வருமா?"

"தோ வந்துடும் அத்தே."

"வெயிலு இந்தக் காயி காயுது. எனக்கு ஒண்ணு புரியல. வெயிலு எப்பிடிடி கரண்டாவுது? நீ படிக்கிறியே, சொல்லேன் கேப்போம்."

சத்யப்பிரியா மெயின் பெட்டியை ஒரு தடவை பார்த்தாள். அதைத் திறந்தால் ஏன் திறக்கிறாய் என்று கேட்பார்கள். அவள் பேச ஆரம்பித்தாள். பேசி முடித்ததும் இறக்கிவிடலாம் என்று நினைத்தாளாம்.

"எல்லாக் கரண்டும் சுத்தறதுலதான் அத்தே வருது. செம்புக் கம்பிச் சுருளுக்கு நடுவுல காந்தம் சுத்துனா கம்பில கரண்டு ஓடும். அத்த எது சுத்த வைக்குதுங்கறதுதான் வித்தியாசம். அனல் மின் நிலையத்துல நெலக்கரிய எரிச்சு தண்ணிய ஆவியாக்குவாங்க. அந்த ஆவி சக்கரத்த அடிச்சு சுத்தும்."

"இட்லிக் குண்டான்ல மூடி ஆடுது பாரு, அது மாரி."

"அதேதான். பெரிய இட்லிக் குண்டான். அணைக்கட்டுல மேலேர்ந்து வுழற தண்ணி சுத்தும்."

"கூடங்குளம்?"

"அதுவும் வெந்நி போடற அடுப்புதான் அத்தே. நெலக்கரிக்குப் பதிலு அணு ஒடையற சூடு. அப்பாலயும் ஆவி, அப்பாலயும் சக்கரம்."

"அட, அதுக்கா இத்தினி சண்ட?" என்று முனியம்மாள் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். "பூமாரி ஊர்ல காத்தாடி நிக்குதாமே?"

"ஆமாக்கா. எங்க ஊர்ல ஆடி மாசம் பூரா நிக்காம சுத்தும். எறக்கை ஒவ்வொண்ணும் ஒரு தெரு நீளம் இருக்கும்லா" என்று நானும் சொன்னேன். கூட்டம் என்னைக் கேட்கிறது என்பதில் எனக்கும் ஒரு சந்தோஷம்.

"அப்ப ரகு மிஷினு?"

சத்யப்பிரியாவின் குரல் ஒரு கணம் தடுக்கியது. "அதுவும் சுத்தறதுதான். டீசல் வெடிச்சு உள்ள தள்ளும், தண்டு சுத்தும்."

"உன் சோலாருல இன்னா சுத்துது?"

"அதுல மட்டும்தான் அத்தே எதுவும் சுத்தாது. வெயிலு பட்டதும் சில்லுக்குள்ள இருக்கற எலக்ட்ரான் தானா நகரும். ஆனா அது ஒரே பக்கமா ஓடற கரண்டு. வூட்டுக்கு ஆவாது. இந்தப் பொட்டிதான் அத்த லைன் கரண்டோட தாளத்துக்கு..." அங்கே அவள் நின்றுவிட்டாள். அவள் கை மெயின் பெட்டியின் கைப்பிடிக்குப் போனது.

"அத்த ஏன் தொடறே? கீழ எறக்குனா உள்ளதும் பூடுமே" என்றாள் முனியம்மாள்.

கை தானாகத் திரும்பி வந்தது. முனியம்மாள் இன்னும் ஏதோ சொல்ல, மறுபடியும் பெரிய சிரிப்பு.

பின்கட்டில் அந்தச் சிரிப்புதான் கேட்டிருக்கிறது. "எறக்கிட்டா, போடு" என்று அண்ணாதுரை சொல்லிவிட்டார். "பாப்பா வந்து சொல்லட்டும் மாமா" என்றானாம் ரகு. "அவ போயி எம்மாம் நேரமாச்சுடா, எறக்கியிருப்பா, மாவு போச்சு" என்றாராம். ரகு ஹேண்டிலைச் சுற்றினான்.

வராந்தா விசிறி மெல்ல அசைந்தது. போன்கள் ஒவ்வொன்றாகக் கிணுகிணுத்தன. முனியம்மாள் கை தட்டினாள். எதிர்வீட்டுக்குள் டியூப்லைட் மங்கலாகத் துடித்தது. அடுத்த வீட்டிலும், அதற்கடுத்த வீட்டிலும். தெரு முழுக்கப் பிள்ளைகள் கத்தினார்கள்: "கரண்டு வந்துடுச்சேய்!"

சத்யப்பிரியாவின் முகத்தை நான் அப்போது பார்த்தேன். கரண்ட் ஏன் மற்ற வீட்டிலும் வந்தது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு கையாலும் மெயினை இழுத்துக் கீழே இறக்கினாள். அதற்குள் பின்கட்டில் ஜெனரேட்டர் தெருவையே சுமக்க முடியாமல் முனகி நின்றுபோயிருந்தது. பாட்டு மட்டும் நிற்கவில்லை, அது பேட்டரியில் ஓடியது. தெருமுனையிலிருந்து ஜெபகுமாரின் உதவியாள் கத்திக்கொண்டே ஓடி வந்தான். வாய் அசைந்தது தெரிந்தது, என்ன சொல்கிறான் என்று யாருக்கும் கேட்கவில்லை.

"பாட்ட நிறுத்துடா! பாட்ட நிறுத்து!" என்று சத்யப்பிரியா கத்திக்கொண்டே தெருவில் இறங்கி ஓடினாள்.

ஜெபகுமார் கம்பத்தில் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தார். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கீழே செருப்பு ஒன்று கிடந்தது. லைன் செத்துவிட்டது என்ற நம்பிக்கையில் ஜம்பர் கம்பியை முடிச்சுப் போடுவதற்காகக் கையுறையைக் கழற்றியிருக்கிறார். ரகு ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்து ஏறினான். அவரைக் கட்டிப்பிடித்து இறக்கினார்கள். கண் திறந்தார். வலது கை விரல்கள் விறைத்துக்கொண்டு நின்றன, உள்ளங்கையில் ஒரு கோடு கருத்திருந்தது. தண்ணீர் கேட்டார். லீலாக்கா ஓடி வந்து சொம்பை நீட்டினாள். அவரால் பிடிக்க முடியவில்லை. லீலாக்காவே வாயில் ஊற்றினாள்.

"யாரு... யாரு வூட்லேர்ந்து..." என்றார்.

தெரு மொத்தமும் அங்கே நின்றது. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பாட்டு நின்றுபோயிருந்தது. ரகுவின் சட்டையில் டீசல் கறை.

செக்‌ஷன் ஆபீசிலிருந்து போர்மேன் வந்தார். ஜெபகுமாரை ஜீப்பில் ஏற்றிப் படப்பை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, "எந்த வூட்ல ஜெனரேட்டர் ஓடிச்சு?" என்று கேட்டார்.

"எங்களுக்கு இன்னா சார் தெரியும்? நாங்க பாட்டு கேட்டுக்கினு இருந்தோம்" என்றாள் முனியம்மாள். அவள் எங்கள் பக்கம் திரும்பவேயில்லை. பக்கத்தில் நின்றவர்களும், "ஆமா சார், யாருன்னு தெரியல சார்" என்றார்கள். எங்களைக் காப்பாற்றத்தான் சொன்னார்கள். போன் செருக வந்தவர்கள் அவர்கள். அந்தக் குரல்களைக் கேட்க எனக்குக் காது எரிந்தது.

போர்மேன் ரகுவைப் பார்த்தார். "உன் மிஷின்தானே?"

அண்ணாதுரை முன்னால் வந்தார். "ஆமா சார். ரகு மிஷின்தான். அவன்தான் கனெக்சன் குடுத்தான்" என்றார்.

ரகு அவரைப் பார்த்தான். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். தேங்காய்ச் சில்லை வாங்கிக்கொண்டு போன அன்று இருந்த அதே முகம்.

"இல்ல சார்" என்றாள் சத்யப்பிரியா. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். மறுபடி சொன்னாள். "இல்ல சார். ரகண்ணன் மெயின எறக்கச் சொல்லிச்சு. நான்தான் எறக்கல. தெரியும் சார் எனக்கு. காலைலதான் போன்ல சொன்னாங்க, கம்பத்துல இருக்கறவரு செத்துடுவாருன்னு. தெரிஞ்சும் எறக்கல."

"ஏம்மா?"

அவள் தெருவைப் பார்த்தாள். முனியம்மாளின் கையில் அப்போதும் அந்த மிக்ஸி ஜார் இருந்தது.

"இவங்கல்லாம் குந்தியிருந்தாங்க சார். சோலார் ஓடலன்னு தெரிஞ்சிடும்னு."

போர்மேன் மாடியில் மின்னிய தகடுகளை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "வெக்கத்துக்காகவா?" என்று கேட்டார். அவருக்கும் அதைக் கேட்கக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணாதுரை அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கே இணைப்பை வெட்டிவிட்டார்கள். ஊறிய அரிசி அண்டாவிலேயே புளித்தது. லீலாக்கா பொழுது சாய்ந்ததும் இரண்டு ஹாஸ்டலுக்கும் நடந்தே போய், நாளைக்கு இட்லி வராது என்று சொல்லிவிட்டு வந்தாள். ஏன் என்று கேட்டதற்குக் கரண்ட் இல்லை என்று சொல்லாமல், நடந்ததை நடந்தபடி சொன்னாளாம். புது ஹாஸ்டல் அதோடு போனது. பழைய வார்டன், "அந்த லைன்மேனு பொழச்சாரா?" என்று மட்டும் கேட்டாளாம்.

ஆஸ்பத்திரிக்கு நானும் சத்யப்பிரியாவோடு போனேன். ஜெபகுமாரின் மனைவி ஜாஸ்மின் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எங்களுக்கு இடம் விட்டு நகர்ந்துகூட உட்கார்ந்தாள்.

"நெஞ்சுல ஒண்ணுமில்லன்னுட்டாங்க. கைதான் கொஞ்ச நாளு மரத்து இருக்குமாம்" என்றாள். சத்யப்பிரியா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். ஜாஸ்மின் தரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "காலைல உங்க வூட்ல சாப்ட்டேன்னு போன் பண்ணாரு. உங்க வூட்டுச் சட்னி அவருக்குப் புடிக்கும்."

திரும்பி வரும் பஸ்ஸில் சத்யப்பிரியா ஜன்னலோரம் உட்கார்ந்து, சீருடை மாட்டியிருக்கிற யாரையும் பார்க்காமல் வந்தாள்.

இணைப்பு திரும்ப வருவதற்குள் பொங்கலே கடந்துவிட்டது. அதுவரை தகடுகள் வெயிலை வாங்கிக்கொண்டு சும்மா கிடந்தன. லீலாக்கா தினமும் ரகுவின் மிஷினில், நேரே கிரைண்டருக்கு ஒயர் கொடுத்து அரைத்தாள். சந்து வழியாக இல்லை, முன்வாசல் வழியாகவே மிஷின் வந்தது. அண்ணாதுரை ஒவ்வொரு தடவையும் தானே ஒரு பக்கம் பிடித்து இறக்குவார். ரகுவும் அவரும் "தூக்கு", "எறக்கு" தவிர வேறு ஒன்றும் பேசிக்கொள்வதில்லை.

மாசியில் ஷட்டவுன் வந்தது. ஜெபகுமார் வேலைக்குத் திரும்பியிருந்தார். காலையில் அவர் எங்கள் வாசலைக் கடந்து போனார். லீலாக்கா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், கூப்பிடவில்லை. அவரும் திரும்பவில்லை.

ஒன்பதுக்குக் கரண்ட் போனதும் சத்யப்பிரியா மெயினை இறக்கினாள். பெட்டியைத் திறந்து வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் இரண்டையும் பிடுங்கினாள். அவற்றை உள்ளங்கையில் வைத்து மூடாமல், எல்லோரும் பார்க்கும்படி ஏந்திக்கொண்டு தெருவில் நடந்தாள். அன்றைக்கு அவளுக்கு மதிய ஷிப்ட், சீருடையில்தான் இருந்தாள். நான் கொஞ்சம் பின்னால் போனேன். முனியம்மாள் வாசலில் கோலமாவுக் கிண்ணத்தோடு நின்று பார்த்தாள்.

ஜெபகுமார் கம்பத்தடியில் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார். இன்னும் இடது கையால்தான் கொக்கியைப் போட்டார்.

"இன்னாது?" என்றார்.

"எங்க வூட்டு பீஸ் கட்டைண்ணே. நீ கீழ எறங்கற வரைக்கும் உங்கிட்டயே இருக்கட்டும்."

அவர் அதையும் அவளையும் பார்த்தார். "ஆபீசுல சொல்லியா எடுத்தாந்தே?"

"இல்லண்ணே."

"வேற யாரு வூட்லயும் கேக்கலியே நான்."

"தெரியும்ணே."

அவர் வாங்குவார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவள் கையை நீட்டியபடியே நின்றாள். ரொம்ப நேரம் கழித்து அவர் வலது கையை நீட்டினார். விரல்கள் சரியாக மடங்கவில்லை. ஒரு கட்டை நழுவி மண்ணில் விழுந்தது. அவள் குனிந்து எடுத்து, துடைத்து, அவர் சட்டைப் பைக்குள் தானே போட்டாள். மற்றதையும் போட்டாள். பை கனத்துத் தொங்கியது.

ஜெபகுமார் ஏறினார். பாதி உயரத்தில் நின்று கையுறையை மாட்டினார். பிறகு எங்கள் வீட்டு மாடியை ஒரு தடவை பார்த்துவிட்டு, சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, அதற்கப்புறம்தான் கம்பியில் கை வைத்தார்.